எழுத்துக்கு இடம் வேண்டி நகர்ந்த எல்லை

வரைபடப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. கோடு போடுவது எப்படி என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போட்ட கோட்டால் என்னென்ன வரும் என்பதுதான் எனக்குத் தெரியும்.

நான் திருவனந்தபுரம் ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்த வீட்டில் பிறந்தவள். மீன் வாசனை படியேறக் கூடாது என்று நினைக்கும் சைவக் குடும்பம். அங்கிருந்து ஏரிகளையும் ஏரி மீன்களையும் பற்றிப் பயிற்சி தரும் இடத்துக்கு வேலைக்கு வந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் மீன் படம் வரைந்திருக்கிறேன். ஒன்றையும் சாப்பிட்டதில்லை.

வேலையில் சேர்ந்த முதல் வருஷமே எங்கள் ஊர் ஏரியான வெள்ளாயணிக் காயலுக்கு ஒரு கைப்படம் போட்டபோது, வடக்கு காட்டும் அம்பைத் தலைகீழாக வைத்துவிட்டேன். அந்தப் படத்தை நம்பி நடந்த பயிற்சிக் குழு, காயல் கரைக்குப் பதில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் இவர்கள் மற்றவர் பக்கத்து ஆட்கள் என்று நினைத்து முதல் பந்தியிலேயே உட்கார வைத்தார்கள். திரும்பி வந்து, படம் பிரமாதம் என்று என்னிடம் சொன்னார்கள். இப்படித் தண்டனை இல்லாமல் தப்பிய தவறுகள்தான் ஒருவரைக் கெடுக்கும். இருபது வருஷத்தில் நான் நன்றாகவே கெட்டுப்போயிருந்தேன். ஆப்பிரிக்க ஏரி வந்து சேர்ந்தது அப்போதுதான்.

ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பன்னிரண்டு மீன்வளத்துறை அலுவலர்கள் ஆறு வாரப் பயிற்சிக்கு வருவதாக இருந்தது. தொடக்க விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் மலையாளி. என்னிடம் மரியாதைக்காகத் தமிழில் தொடங்குவார், பாதி வழியில் மலையாளத்துக்குப் போய்விடுவார்.

"வள்ளி மேடம், மேடைக்குப் பக்கத்துல ஒரு தூண் உண்டல்லோ. மழையில நனைஞ்சு ஆகெ கருத்துப் போயி. அதை மறைக்கணும். நீளமாயிட்டு ஒரு ஏரி வரைஞ்சு தாங்க. சீஃப் கெஸ்ட் வந்து திரை விலக்கட்டும்."

ஆப்பிரிக்காவின் பெரிய ஏரிகளில் ஒன்றை நான் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான்: அது தூண் வடிவில் இருந்தது. அந்தக் கண்டத்தின் பெரிய ஏரிகளில் மூன்றாவது. ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் நீளம், அகலமோ எழுபத்தைந்தைத் தாண்டாது. ஒரு நுனியைத் திருவனந்தபுரத்தில் வைத்தால் மறு நுனி காசர்கோட்டைத் தொடும். ஏறக்குறையக் கேரளத்தையே அங்கே கொண்டுபோய் வைத்துத் தண்ணீர் நிரப்பியது மாதிரி. மேற்கிலும் தெற்கிலும் மலாவி, வடகிழக்கில் தான்சானியா, கிழக்கில் மொசாம்பிக்.

இரண்டு அட்லஸ்களைப் பிரித்து வைத்துக்கொண்டேன். ஒன்றில் நாட்டு எல்லை ஏரியின் நடுவில் ஓடியது. இன்னொன்றில் வடகிழக்குப் பக்கம் கரையை ஒட்டியே போனது. அந்த இடத்தில் நான் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு அட்லஸ்கள் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு நாடுகள் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். நான் அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

பழைய அட்லஸில் நியாசா ஏரி என்று பெயர் போட்டிருந்தது. அதைப் பெரிய எழுத்தில் மேலிருந்து கீழாக ஏரிக்குள் எழுதினேன். நடுவில் ஓடிய எல்லைக்கோடு ஒவ்வொரு எழுத்தையும் இரண்டாக அறுத்துக்கொண்டு போனது. பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் கோட்டைப் பிடித்துக் கிழக்குக் கரை வரைக்கும் இழுத்துவிட்டேன், வடக்கிலிருந்து தெற்கு வரை மொத்தமாக. கணினியில் ஒரே இழுப்பு. படம் பளிச்சென்று ஆனது. கனமான வெள்ளைக் கேன்வாஸில் பன்னிரண்டடி உயரத்துக்கு அச்சடித்து, தூணில் தொங்கவிட்டு, முன்னால் மஞ்சள் பட்டுத் திரையும் கட்டியாயிற்று.

விழாவுக்கு முந்தின நாள் அந்த அலுவலர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த ஏரியின் மூன்று கரைகளிலிருந்தும் ஒவ்வொருவர் இருந்தார்கள். மலாவியிலிருந்து சிக்கோண்டி, ஒல்லியான, நெடிய, எதற்கும் நன்றி சொல்லும் மீன் ஆராய்ச்சியாளர். தான்சானியாவிலிருந்து நீமா, ஏரிக்கரையிலேயே பிறந்த அம்மாள், அவர் சிரித்தால் கேன்டீன் தட்டுகள் அதிரும். மொசாம்பிக்கிலிருந்து ஜோவாகிம், அதிகம் பேசாதவர். சிக்கோண்டியும் நீமாவும் விமானத்திலேயே பழகிவிட்டார்கள். நீமாவின் பெட்டியைச் சிக்கோண்டிதான் தூக்கி வந்தார்.

அன்று மாலை கேன்டீனில் நெத்தோலி மீன் வறுத்து வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, இது எங்கள் உசிப்பா மாதிரி இருக்கிறது என்றார் சிக்கோண்டி. இல்லை, எங்கள் டகா மாதிரி என்றார் நீமா. இரண்டும் ஒரே ஏரியின் ஒரே சின்ன மீன்தான், கரைக்கொரு பேர் என்று தெரிந்து இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு எதிரில் மோர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம் விஷயத்தைச் சொன்னார்கள். மீன் முட்டையிடும் காலத்தில் வலை போடக் கூடாது என்று இரண்டு கரையிலும் விதி உண்டு. ஆனால் மாதங்கள் வேறு. இந்தக் கரையில் காப்பாற்றின மீனை அந்தக் கரையில் பிடித்துவிடுகிறார்கள். இரண்டு பேரும் ஊரில் சந்தித்துப் பேசினால் அது நாட்டுக்கு நாடு பேச்சுவார்த்தை ஆகிவிடுமாம், அனுமதி கிடைக்காது. பயிற்சி என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் இந்த ஆறு வாரத்தில் மூன்று கரைக்கும் ஒரே மாதங்களை எழுதி ஒரு குறிப்புத் தயார் செய்து கொண்டுபோக வேண்டும் என்றுதான் வந்திருந்தார்கள்.

மறுநாள் பதினோரு மணிக்கு விழா. ஒன்பதரைக்கு நான் திரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சிக்கோண்டியும் நீமாவும் மண்டபத்துக்குள் வந்தார்கள். ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நான் பெருமையாகத் திரையை விலக்கினேன்.

நாங்கள் ஆங்கிலத்தில் பேசியதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"ரொம்ப அழகா இருக்கு மேடம்," என்றார் சிக்கோண்டி. "எங்க பக்கத்து எல்லையும் சரியா போட்டிருக்கீங்க. பேரை மட்டும் மாத்திடணும்."

"என்ன பேரு?"

"மலாவி ஏரி. இப்ப எழுதியிருக்கற பேருக்கு அர்த்தம் தெரியுமா? வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வந்து, இது என்னன்னு கேட்டாராம். நியாசான்னு சொன்னாங்க. அந்தப் பக்கத்துப் பாஷையில நியாசான்னா ஏரி. அவர் அதையே பேருன்னு எழுதிக்கிட்டார். நீங்க எழுதியிருக்கறது ஏரி ஏரி."

நம் ஊரிலும் 'காயல் லேக்' என்று சொல்கிற ஆட்கள் உண்டு என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நீமா படத்துக்குக் கிட்டே போய்க் கரையை விரலால் தடவிப் பார்த்தார். "பேரு சரியாத்தான் இருக்கு. நாங்க அப்படித்தான் சொல்றோம். ஆனா எங்க தண்ணி எங்கே மேடம்?"

"எது?"

"கோடு நடுவுல வரணும். நீங்க எங்க வீட்டு வாசல்ல போட்டிருக்கீங்க. என் தம்பிங்க ரெண்டு பேரு தினம் விடியக்காலம் வலை போடப் போறாங்க. உங்க படத்தைப் பாத்தா, அவங்க கால் நனைஞ்ச உடனே வெளிநாடு போயிடறாங்க."

"அது பழைய ஒப்பந்தத்துல அப்படித்தான் எழுதியிருக்கு," என்றார் சிக்கோண்டி மெதுவாக.

"யார் எழுதின ஒப்பந்தம்? நீங்களா, நானா?"

"எழுதினது எழுதினதுதானே."

நேற்று ஒரே தட்டில் மீன் எடுத்துச் சாப்பிட்டவர்கள், அடுத்த ஐந்து நிமிஷத்தில் மண்டபத்தின் இரண்டு மூலைகளில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். விழா முடிந்து இந்தப் படத்துக்கு முன்னால்தான் குழுப் படம் எடுப்பது, அதை அவரவர் துறைக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. எங்கள் பெயர் போடாத ஏரிக்கு முன்னால் என்னால் நிற்க முடியாது என்றார் சிக்கோண்டி. எங்கள் தண்ணீரை விட்டுக்கொடுத்த படத்துக்கு முன்னால் நின்றால் நான் ஆபீஸுக்குத் திரும்பிப் போக முடியாது என்றார் நீமா. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஒரே படத்தில் பெயரால் ஒரு நாட்டையும் கோட்டால் இன்னொரு நாட்டையும் சமமாகப் புண்படுத்தியிருந்தேன்.

தண்ணீர்த் தகராறு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாததல்ல. என் மாமா ஒருவர் நாகர்கோவிலில், இன்னொருவர் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில். முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிப் பேச்சு வந்து, ஒரு நிச்சயதார்த்தத்தில் பாயசம் ஆறும் வரை இரண்டு பேரும் சண்டையை விட்டுச் சாப்பிட எழுந்திருக்கவில்லை. அதை நேரில் பார்த்த நான்தான் இங்கே வந்து ஒரே இழுப்பில் கோட்டை நகர்த்தியவள்.

டைரக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். முகம் தூணின் நிறத்துக்குப் போயிற்று.

"பேரும் வேண்டா, அதிர்த்தி, எல்லைக்கோடும் வேண்டா. ரெண்டையும் மறைச்சுக் களயு. மணி பத்தாகப் போகுது."

இங்கேதான் நான் இரண்டாவது தவறைச் செய்தேன். முதல் தவறைவிட அது மோசம். நடந்ததை ஒத்துக்கொள்வதற்குப் பதில் ஒட்ட ஆரம்பித்தேன். எங்கள் எலக்ட்ரீஷியன் சசியண்ணனை நீலக் காகிதம் வாங்க ஸ்கூட்டரில் அனுப்பினேன். அவர் பத்தேகாலுக்கு வந்தார்.

"மேடமே, ஆகாச நீலம் தீர்ந்நு போயி. கடையில இந்த நீலம் மாத்ரமே உள்ளூ."

படத்தில் இருந்தது வெளிர் நீலம். அவர் கொண்டுவந்தது பேனா மை நீலம்.

"கொழப்பமில்ல சசியண்ணா, ஒட்டுங்க," என்றேன்.

ஏணி போட்டு ஒட்டினோம். பெயரை மறைத்த இடம் ஏரிக்குள் ஒரு கிணறு வெட்டினது மாதிரி இருந்தது. கிழக்குக் கரையில் எல்லைக்கோட்டை மறைக்க ஒட்டிய பட்டையோ, கோட்டைவிடப் பத்து மடங்கு அகலத்தில், மேலிருந்து கீழ் வரை அடர் நீலமாக ஓடியது. முன்பு கிட்டே போய்ப் பார்த்தால்தான் எல்லை தெரிந்தது. இப்போது மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து பார்த்தாலும் தெரிந்தது.

மூலையிலிருந்து நீமா, "மேடம், இப்ப அது எல்லை இல்ல, மதில்," என்றார்.

அப்போதுதான் ஜோவாகிம் எழுந்து வந்தார். எப்போது உள்ளே வந்தாரோ, அதுவரைக்கும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க ரெண்டு பேரும் முடிக்கட்டும்னு இருந்தேன்," என்றார். "மேல்பக்கம் தகராறு இருக்கு, எனக்குத் தெரியும். ஆனா கீழ்ப்பக்கம் எங்களுக்கும் மலாவிக்கும் ஒரு சண்டையும் கிடையாது. பாதி ஏரி எங்களுதுன்னு எப்பவோ முடிவாயிடுச்சு. அதையும் நீங்க எடுத்துட்டீங்க."

அவர் விரல் நீலப் பட்டையின் நடுவுக்கு நகர்ந்தது.

"அப்புறம் இன்னொண்ணு. எங்க கரைக்கு எதிர்ல ரெண்டு தீவு இருக்கு. தண்ணி எங்களுது, தீவு மலாவியோடது. ஆளுங்க குடியிருக்காங்க. பெரிய கல் தேவாலயமே இருக்கு. இந்தக் காகிதத்துக்கு அடியில போயிடுச்சு."

இதைக் கேட்டு சிக்கோண்டி மூலையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "லிக்கோமா தீவையா மூடிட்டீங்க? என் மனைவியோட ஊர் மேடம் அது."

மணி பத்து முப்பத்தைந்து. சசியண்ணன் ஏணி மேல் நின்று கையில் பசையோடு என்னைப் பார்த்தார். முக்கிய விருந்தினரின் கார் கிளம்பிவிட்டது என்று போன் வந்ததாக டைரக்டர் வாசலிலிருந்து கையைக் காட்டினார். படத்தைக் கழற்றிவிடலாம். திரைக்குப் பின்னால் கருத்த தூண் மட்டும் இருக்கும். மூன்று பேரும் விழாவுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் ஆறு வாரமும் ஆளுக்கொரு மூலையில்தான் உட்கார்வார்கள். அந்த மாதங்கள் எழுதப்படாது. அது என் வேலை இல்லை என்று யாரும் சொல்லலாம். எனக்கு நீமாவின் தம்பிகள் ஞாபகம் வந்தார்கள்.

ஏணியிலிருந்து சசியண்ணனை இறங்கச் சொன்னேன். மூன்று பேரையும் படத்துக்கு முன்னால் கூப்பிட்டேன்.

"உங்க நாட்டு ஒப்பந்தம் எதையும் நான் படிக்கலை," என்றேன். "யார் பக்கமும் நான் எடுக்கலை. கோடு நடுவுலதான் இருந்தது. பேரு எழுத இடம் போதலை. அதனால கோட்டைத் தள்ளி வெச்சேன். அவ்வளவுதான் காரணம். இந்த ஏரியைத் தேர்ந்தெடுத்ததும் அந்தத் தூணை மறைக்கத்தான்."

டைரக்டர் வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

நீமா என்னையே பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு வெளியே வந்தபோது மண்டபத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"எழுத்துக்கு இடம் இல்லாம," என்றார் சிக்கோண்டியிடம். "ஐரோப்பாவுல மேஜையைச் சுத்தி உட்கார்ந்து நம்ம ஏரியில கோடு போட்டாங்களே, அவங்களும் ஏரியைப் பாத்ததில்ல. அவங்களுக்கும் இதே கஷ்டம்தான் வந்திருக்கும்."

சிக்கோண்டி அடக்கிக்கொள்ளத்தான் பார்த்தார். முடியவில்லை.

அதற்கப்புறம் அவர்கள் எனக்கு அந்த ஏரியில் நடந்த கப்பல் யுத்தத்தைச் சொன்னார்கள். முதல் உலகப் போர் தொடங்கின சமயம். ஒரு கரையில் பிரிட்டிஷ் கப்பல் ஒன்று, மறு கரையில் ஜெர்மன் கப்பல் ஒன்று. இரண்டு கேப்டன்களும் சேர்ந்து குடிக்கும் நண்பர்கள்.

"எங்க கரையிலதான் ஜெர்மன் கப்பலை மேல ஏத்திப் பழுது பாத்துக்கிட்டிருந்தாங்க," என்றார் நீமா. "போர் வந்த செய்தி அந்த கேப்டனுக்கு வரலை. எங்க கரைக்கு எப்பவும் எல்லாம் லேட்."

"எங்க கரைக்கு வந்திடுச்சு," என்றார் சிக்கோண்டி. "அதனால பிரிட்டிஷ்காரர் கப்பலை எடுத்துக்கிட்டுப் போய் பீரங்கியால சுட்டார்."

"முதல் குண்டெல்லாம் குறி தப்பிடுச்சு. அதையும் சொல்லுங்க."

"சரி, தப்பிடுச்சு. ஒண்ணு பட்டுது. ஜெர்மன்காரர் கோபமா ஒரு சின்னப் படகுல ஏறி, துடுப்புப் போட்டுக்கிட்டு நேரா நண்பர் கப்பலுக்கே வந்துட்டார். என்னய்யா, குடிச்சிருக்கியான்னு கத்தினாராம். அப்புறம்தான் விஷயத்தைச் சொல்லி அவரைக் கைதியா பிடிச்சாங்க."

கதை முடியும்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். இவர் விட்ட வரியை அவர் எடுத்துச் சொன்னார். மணி பத்து நாற்பத்தைந்து.

"இதைக் கழற்றுங்க," என்றார் ஜோவாகிம். "பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு? மார்க்கர் இருக்கா?"

கேன்வாஸைத் தரையில் குப்புற விரித்தோம். மூன்று பேரும் மண்டியிட்டு, அவரவர் கரையை ஞாபகத்திலிருந்து வரையத் தொடங்கினார்கள். சிக்கோண்டி மேற்கையும் தெற்கையும், தெற்கு நுனியிலிருந்து வெளியே ஓடும் ஆற்றையும் வரைந்தார். நீமா மேல்பக்கம் தண்ணீருக்குள் நேராக இறங்கும் மலைகளை வரைந்து, தன் வீட்டு வாசலில் ஒரு படகும் போட்டார். ஜோவாகிம் தன் கரையை முடித்துவிட்டு, இரண்டு தீவுகளையும் தானே வரைந்தார்.

"அவர் மனைவியோட ஊர்தான். ஆனா தினமும் என் ஜன்னல்லேருந்து பாக்கறவன் நான்," என்றார். தேவாலயத்தின் மேல் சிலுவையை மட்டும் சிக்கோண்டி தன் கையால் வைத்தார்.

யாரும் எல்லைக்கோடு போடவில்லை. பெயரை அவரவர் கரைப் பக்கம் அவரவர் கையெழுத்தில் எழுதினார்கள். மூன்று பெயர்; ஜோவாகிம் நியாசாவையே போர்த்துகீசிய உச்சரிப்பில் எழுதினார். நீமாவின் அளவு பெரியது, சிக்கோண்டியின் அளவு சின்னது. இரண்டு கரையும் வடக்கே ஒன்றுசேராமல் நின்றதால் மேலே வீங்கவைத்துத்தான் சேர்க்க முடிந்தது. புடலங்காயாக இருந்த ஏரி சுரைக்காயாக ஆயிற்று. அளவுக்கோலும் கிடையாது, வடக்கு காட்டும் அம்பும் கிடையாது. நான் கை வைக்கவில்லை. இருபது வருஷத்தில் ஒரு பென்சிலைக் கூடத் தொடாமல் நின்றது அன்றுதான்.

சசியண்ணன் தூணில் தூக்கிக் கட்டி, திரையை இழுத்துவிடவும், வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

முக்கிய விருந்தினர் விளக்கேற்றினார். திரையை விலக்கினார். சுரைக்காயைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"இது எந்த ஏரி?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

கீழே இருந்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூன்று பெயர் சொன்னார்கள். டைரக்டர் ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. "மூணும் உண்டு சார்," என்றார். விருந்தினர் திருப்தியாகத் தலையாட்டினார். ஆறே வாரத்தில் மூன்று ஏரிகளைப் பற்றிக் கற்றுத்தரும் இந்த நிறுவனத்தின் துணிச்சலைத் தன் பேச்சில் இரண்டு இடத்தில் பாராட்டினார். மூன்று பேரும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று குழுப் படம் எடுத்துக்கொண்டார்கள். நீமா சிரித்ததால் முதல் படம் ஆடிப்போயிற்று.

ஐந்தாவது வாரம் அவர்கள் மாதங்களை எழுதி முடித்தார்கள். இரண்டு பக்கக் குறிப்பு. அதில் மாதங்களுக்குப் பிடித்த நேரத்தைவிடத் தலைப்புக்குப் பிடித்த நேரம் அதிகம். கடைசியில் தலைப்பில் ஏரி என்று மட்டும் போட்டார்கள். அவர்கள் துறைகள் அதை என்ன செய்தன என்று எனக்கு முழுசாகத் தெரியாது. அடுத்த வருஷம் நீமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு கரையிலும் ஒரே சமயத்தில் வலையைக் காய வைத்திருக்கிறோம், தம்பிகள் இரண்டு பேரும் என்னைத் திட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது பெரிய விஷயமில்லை. எழுத்துக்கு இடமில்லை என்றால் எழுத்தைச் சுருக்குங்கள்; நாட்டைச் சுருக்காதீர்கள். தவறு செய்துவிட்டால், பசையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். ஒட்டினால் அகலமாகத் தெரியும்.

அந்த மூன்று பேரும் ஊருக்குக் கிளம்பிய அன்று, கேன்வாஸை யார் கொண்டுபோவது என்று ஒரு பேச்சு வந்தது. வேண்டுமானால் மூன்றாக வெட்டித் தருகிறேன் என்று நான் கத்தரியை எடுத்தேன். மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். முழுசாக இங்கேயே இருக்கட்டும் என்று சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். உங்கள் அறையில் பீரோவுக்கு மேல் நீளமாகச் சுருண்டு கிடப்பது அதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை இறக்கித் தூசி தட்டுங்கள், விரித்துப் பாருங்கள். தயவுசெய்து திருப்பிப் பார்க்க வேண்டாம். பின்பக்கம் நான் வரைந்தது இருக்கிறது.